கானாற்றங்கரையில் இரண்டு பேயத்தி: ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை பூச்சி?

கழனிக்கட்டு (ஞாயிறு, காலை 7.40)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கழனி கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற வழியில் இருக்கிறது. மேற்கு ஓரத்தில் ஒரு கானாறு. ஐப்பசி, கார்த்திகையில் ஜவ்வாது மலையிலிருந்து செந்தண்ணீர் இறங்கும், மாசி வந்தால் வெறும் மணல்தான். அந்தக் கரையில் இருபதடி இடைவெளியில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. யாரும் நட்டவை அல்ல. இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். காய்கள் அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்குகின்றன. சில கொத்துகள் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஊரில் இதைப் பேயத்தி என்பார்கள்.

போன வாரம் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தவன் இரண்டு மரத்துக் காய்களையும் பிட்டுப் பார்த்தான். தெற்கு மரத்துக் காய் உள்ளே காய்ந்து பழுப்பாக இருந்தது. பிட்டதும் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் வெளியே வந்தன. வடக்கு மரத்துப் பழமோ மஞ்சளாகக் கனிந்து, உள்ளே ஈரமாக, விதை நிறைந்து இருந்தது. பூச்சியே இல்லை. ஒன்றிரண்டு பார்த்து இதைச் சொல்லவில்லை, பதினைந்து பதினைந்து பிட்டுப் பார்த்துவிட்டோம்.

நைனா சொல்கிறார்: "தெற்கு மரம் புழு மரம். என் சின்ன வயசிலிருந்து அதில் ஒரு பழம் உருப்படியாக இருந்ததில்லை. வெட்டிவிட்டு அங்கே மோட்டார் கொட்டாய் போடலாம்." எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சாதி மரம். ஒன்றில் மட்டும் ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கோடி (ஞாயிறு, காலை 8.15)

பழ ஈ மாதிரிதான் தெரிகிறது தம்பி. எங்கள் கொய்யாவில் வந்தபோது விழுந்த பழங்களையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினோம், அடுத்த வருஷம் குறைந்துவிட்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் ஒருமுறை அடித்துப் பாருங்கள். மரத்தை வெட்ட வேண்டாம்.

மேடிச்செட்டு (ஞாயிறு, காலை 8.50)

நான் குடியாத்தம் பக்கம். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், அத்தியை மேடி என்போம். மேடிப்பழம் வெளியே பார்த்தால் பொன் போல இருக்கும், வயிற்றைப் பிளந்தால் புழுதான் என்று வேமனர் பாடிய பாட்டு எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தமிழிலும் அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்கிறோம். அதனால் பூச்சி இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. வடக்கு மரத்தில் பூச்சியே இல்லை என்பதுதான் வியப்பு. பழமொழி பொய்யாகிறதே?

நாகநதி (ஞாயிறு, காலை 10.05)

கழனிக்கட்டு, தயவுசெய்து மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள். வேப்பெண்ணெய் கூட வேண்டாம். நீங்கள் பார்த்தது நோய் அல்ல. ஆனால் மரம் இன்னதென்று உறுதி செய்துகொண்டு பேசுகிறேன். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்:

இலைகள் ஒன்றுக்கு ஒன்று எதிரெதிராகச் சோடியாக வருகின்றனவா, அல்லது மாறி மாறியா? இளங்கிளையை ஒடித்தால் உள்ளே கூடாக இருக்கிறதா? காயின் மேல்தோல் வழவழப்பா, மயிரோடு சொரசொரப்பா?

கழனிக்கட்டு (ஞாயிறு, பகல் 12.30)

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் ஐயா. இலை எதிரெதிர்தான், ஒவ்வொரு கணுவிலும் சோடியாக. கிளையை ஒடித்தால் பால் வடிகிறது, நடுவில் குழாய் போலக் கூடு. காயின் மேல் மெல்லிய மயிர், அங்கங்கே வெளிறிய புள்ளிகள். கனிந்தாலும் சிவக்கவில்லை, பச்சை கலந்த மஞ்சளாகத்தான் ஆகிறது. இரண்டு மரமும் இதில் ஒரே மாதிரிதான்.

நாகநதி (ஞாயிறு, மாலை 5.20)

சரி, ஐயமில்லை. பேயத்தியேதான். அறிவியல் பெயர் ஃபைகஸ் ஹிஸ்பிடா. தாவரவியலாளர் கரோலஸ் லின்னேயஸின் மகன் 1782இல் இந்தப் பெயரை வைத்தார். ஹிஸ்பிடா என்றால் சொரமயிர் கொண்டது. கோரமண்டல் கரையில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதையே எதிரிலை அத்தி என்ற பொருளில் ஃபைகஸ் ஆப்போசிட்டிஃபோலியா என்றார். இரண்டு பெயருமே உங்கள் கைக்கும் கண்ணுக்கும் பட்ட அடையாளங்கள்தான். நம் நாட்டு அத்தியில் இலை மாறி மாறி வரும், வழவழப்பாக இருக்கும், பழம் செக்கச் செவேலென்று கனியும். மலையாளத்தில் பேயத்திக்கு எருமநாக்கு என்றும் ஒரு பெயர் உண்டு. எருமை நாக்கால் நக்கினால் எப்படி இருக்குமோ, இலை அப்படி. இதைவிட நல்ல பெயர் இந்த மரத்துக்கு நான் கேட்டதில்லை.

இனி உங்கள் கேள்வி. உங்கள் ஊரில் பனை இருக்கிறதல்லவா? ஆண்பனை நுங்கு காய்க்குமா? காய்க்காது. அதற்காக அது கெட்ட பனை ஆகிவிடாது. உங்கள் தெற்கு மரம் ஆண். வடக்கு மரம் பெண்.

ஆனால் பனையைவிட இங்கே கதை கொஞ்சம் சுற்றிப் போகிறது. அத்திக்காய் என்று நாம் சொல்வது காய் அல்ல. உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்ட பூங்கொத்து. ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கான பூக்கள், சுவரில் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தபடி இருக்கும். அத்தி பூத்தாற்போல என்று அரிதான ஒன்றைச் சொல்கிறோம். அத்தி ஓயாமல் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, பிட்டுப் பார்க்காதவருக்குத் தெரிவதில்லை. அந்தப் பைக்குள் போக ஒரே வழி, காயின் நுனியில் உள்ள சிறு கண். செதில்களால் இறுக மூடிய கண் அது. அதற்குள் நுழையத் தெரிந்த பூச்சி ஒரே ஒரு வகைக் குளவிதான். எள்ளைவிடச் சின்னது, நம்மைக் கொட்டாது. உலகில் அத்திக் குடும்ப மரங்கள் 800 வகை வரை இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. பேயத்தியின் குளவி நாட்டு அத்திக்கு வேலை செய்யாது, ஆலின் குளவி அரசுக்குப் போகாது.

ஆண் மரத்துக் காயில் இரண்டு வகைப் பூ உண்டு. கண்ணை ஒட்டி மகரந்தப் பூக்கள், உள்ளே குட்டையான சூல்தண்டு (பூவின் சூலகத்தின் மேல் நிற்கும் தண்டு) கொண்ட பூக்கள். தாய்க்குளவி கண் வழியே நெருக்கிக்கொண்டு நுழையும்போது இறக்கை ஒடிந்துவிடும். திரும்பி வர வழியில்லை. குட்டைப் பூக்களில் அதன் முட்டை ஊசி எட்டும், ஒவ்வொரு பூவிலும் ஒரு முட்டை வைத்துவிட்டு உள்ளேயே இறந்துபோகும். அந்தப் பூ விதையாகாமல் குளவிக்குஞ்சின் தொட்டிலாகிவிடும். சில வாரம் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளிவரும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. அவை இன்னும் தொட்டிலுக்குள் இருக்கும் பெண் குளவிகளோடு கூடி, வெளியே போகத் துளை போட்டுக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். பெண் குளவிகள் அந்த நேரத்தில் விரிந்திருக்கும் மகரந்தப் பூக்களுக்குப் போய், நெஞ்சுப் பக்கம் உள்ள சின்னப் பைகளில் மகரந்தத்தை அள்ளி நிரப்பிக்கொண்டு பறக்கும். உங்கள் அக்கா மகன் பிட்டபோது வெளியே வந்தவை அவைதான்.

பறந்த குளவி பெண் மரத்துக் காய்க்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அங்கே எல்லாப் பூவிலும் சூல்தண்டு நீளம். ஊசி எட்டாது. முட்டை வைக்க முடியாமல் பூவுக்குப் பூ அலையும். அலையும்போது பையில் உள்ள மகரந்தம் எல்லாப் பூவிலும் சேரும். குளவி அங்கேயே சாகும், குஞ்சு இல்லை, பூக்கள் எல்லாம் விதையாகும். உங்கள் வடக்கு மரத்துப் பழம் விதையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேடிச்செட்டு கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாட்டு அத்தி, ஆல், அரசு ஆகியவற்றில் ஆண் மரம், பெண் மரம் என்ற பிரிவு இல்லை. ஒரே பழத்துக்குள் விதையும் உண்டு, குளவியும் உண்டு. பழமொழி அந்த அத்திக்கு முழு உண்மை. பேயத்திக்குப் பாதி மரங்களில்தான் உண்மை.

நைனாவிடம் சொல்லுங்கள்: தெற்கு மரத்தை வெட்டினால் வடக்கு மரத்துக்கு மகரந்தம் கொண்டுவர ஆள் வெகு தூரத்திலிருந்து வர வேண்டும். அந்தக் குளவியின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

ஏரிக்கோடி (ஞாயிறு, இரவு 8.30)

வேப்பெண்ணெய் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நல்லவேளை யாரும் அடிக்கவில்லை. ஒரு கேள்வி ஐயா. பெண் மரத்துக்குப் போனால் குஞ்சு இல்லாமல் சாகப்போகிறோம் என்றால் குளவி ஏன் அங்கே போகிறது?

நாகநதி (ஞாயிறு, இரவு 9.10)

வாசனையைப் பிடித்துத்தான் குளவி மரத்தைத் தேடுகிறது. நுழையத் தயாராக இருக்கும் காய் ஒரு வாசனை விடும். இரண்டு மரத்துக் காய்களும் அந்த வாசனையில் மிக நெருக்கமாக இருப்பதால் குளவியால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. பிரித்தறியும் குளவி இருந்தால் பெண் மரம் விதை இல்லாமல் போகும், அந்த மரச் சாதியே மெல்ல அழியும், கூடவே குளவியும் அழியும்.

மலைப்பாதை (திங்கள், காலை 6.55)

ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மலையில் பேயத்தி எங்கே இருக்கிறதென்று கேட்டால் நான் தண்ணீர்த் தடத்தைத்தான் காட்டுவேன். சாமைக் கொல்லையில் பார்க்க முடியாது, மொட்டைப் பாறையில் பார்க்க முடியாது. ஓடை திரும்புகிற இடம், ஊற்று கசிகிற பள்ளம், பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் மண் சரிந்த கரை, இங்கெல்லாம் நிற்கும். கோடையில் ஓடை வற்றினாலும் இந்த மரம் பச்சையாக நிற்கிற இடத்தில் ஒரு முழம் மணலைத் தோண்டினால் ஈரம் தட்டும். மாடு மேய்க்கிறவர்களுக்கு அது ஒரு அடையாளம். தழையை ஆடு நன்றாகத் தின்னும்.

அடர்ந்த காட்டுக்குள் இது அதிகம் இல்லை. வெயில் விழுகிற, கொஞ்சம் கலைந்த இடம்தான் பிடிக்கும்போல. அமிர்தியில் ஓடையை ஒட்டி நடந்தால் பார்க்கலாம். கீழே இறங்கினால் ஏரி மதகுக்குக் கீழ்ப்புறம், பழைய கிணற்றின் உட்சுவர், வாய்க்கால் ஓரம். நான் பத்தடி ஆழக் கிணற்றுச் சுவரிலிருந்து மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பேயத்தியைப் பார்த்திருக்கிறேன்.

அகழிக்கரை (திங்கள், காலை 9.20)

நான் வேலூர் டவுன். கோட்டைச் சுவரில் கல்லிடுக்குகளில் முளைத்திருப்பவையும் அத்திக் குடும்பம்தானே? அவற்றில் பேயத்தி இருக்குமா?

நாகநதி (திங்கள், காலை 11.00)

அவை அரசும் ஆலும் இச்சியும்தான் பெரும்பாலும். பறவை எச்சத்தில் விழுந்த விதை கல்லிடுக்கிலேயே முளைத்து, வேரைக் கீழே இறக்கும். அந்தச் சாதிகளுக்குக் கல்லும் மரக்கிளையும் போதும். நம் குன்றுகளில் பாறையைப் பிடித்துக்கொண்டு அரசிலை போன்ற இலையோடு, ஆனால் நுனியில் அந்த நீண்ட வால் இல்லாமல், சிவந்த இலைக்காம்போடு ஒன்று நிற்கும். அது கல்லரசு, வேறு மரம். பேயத்திக்கு விழுது கிடையாது, இன்னொரு மரத்தின் மேல் ஏறி நெரிக்கவும் செய்யாது. மண்ணில் வேர் விட்டு, பெரும்பாலும் முப்பதடிக்குள் நிற்கும் மரம். இந்தியா, இலங்கை தொடங்கி தென் சீனா, தென்கிழக்கு ஆசியா, நியூ கினி, வட ஆஸ்திரேலியா வரை இது இருக்கிறது. அங்கெல்லாம் மழையும் மண்ணும் வேறு வேறு. ஆனாலும் ஓடைக்கரையில் தேடினால் கிடைக்கும்.

ஏட்டுச்சுவடி (திங்கள், பிற்பகல் 2.45)

கரை என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கப் பாட்டில் அத்திக்கு அதவம் என்று பெயர். குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்றில், ஆற்றின் பக்கம் வளர்ந்த வெண்கிளை அதவத்திலிருந்து விழுந்த ஒரு பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைக்கும். ஊரார் பேச்சில் தான் அப்படிக் குழைவதாகத் தலைவி சொல்வாள். அது நாட்டு அத்தியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மரம், ஆறு, விழுந்த பழம், நண்டு எல்லாம் ஒரே இடத்தில் வருவதைப் பாருங்கள். கரையில் நின்று பார்த்தவர் எழுதியது.

இன்னொன்று. ஆர்க்காடு என்ற பெயரை அத்தியோடு சேர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஆர் என்பது ஆத்தி, சோழர் சூடிய பூ. மந்தாரைக்கு உறவான மரம். அத்திக்கும் ஆத்திக்கும் ஒரு நெடில்தான் வித்தியாசம், ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு காடு என்று பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் அத்தி அதில் வராது.

மேடிச்செட்டு (திங்கள், மாலை 4.10)

நன்றி, நானும் இத்தனை நாள் அத்திக்காடு என்றே நினைத்திருந்தேன்.

செம்பருத்தி (திங்கள், இரவு 7.30)

அக்கா மகன் அந்தப் பழத்தைத் தின்று பார்த்தானா? எங்கள் ஆயா அத்திக்காயில் பருப்புப் போட்டுக் கூட்டு செய்வார்கள், அவ்வளவு ருசி. பேயத்தியில் செய்யலாமா? வெண்குட்டத்துக்கு மருந்து என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நாகநதி (திங்கள், இரவு 8.40)

அம்மா, கூட்டுக்கு நாட்டு அத்தியே இருக்கட்டும். பேயத்தியின் காயும் பட்டையும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் என்று பழைய மருத்துவ நூல்களே சொல்கின்றன. வடமொழியில் இதற்குக் காகோதும்பரிகா, காக்கை அத்தி என்று பெயர். வெண்குட்ட மருந்துகளில் வருவது உண்மைதான். ஆனால் அது வைத்தியர் பதம் பார்த்துச் செய்கிற வேலை. சீமை அத்திப் பால் தோலில் பட்டு வெயிலில் நின்றால் கொப்புளம் வரும். அதே சாதியைச் சேர்ந்த இந்தப் பாலை யாரும் தானாகத் தடவிப் பார்க்க வேண்டாம்.

மணல்மேடு (செவ்வாய், காலை 6.30)

இந்த இழையை நேற்று இரவே முழுக்கப் படித்தேன். தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர் பாலாற்றங்கரை. ஊருக்குள் வரும் வாய்க்காலின் மேல் இருந்த இரண்டு பேயத்திகளில் ஒன்றை நாலு வருஷத்துக்கு முன் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள். பட்டியலில் அதற்கு மரம் என்று கூடப் பெயர் இல்லை, புதர் என்று எழுதியிருந்தார்கள். நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் நிற்கிற மரம் அதன் பிறகு காய்க்கிறது, ஆனால் காய் பிஞ்சிலேயே கொட்டிவிடுகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குடம் குடமாக ஊற்றினேன். இப்போதுதான் புரிகிறது.

முன்பெல்லாம் மாலையில் அங்கே பழந்தின்னி வௌவால்கள் வரும். ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்துப் புங்கமரத்துக்குப் போய்த் தொங்கியபடி தின்னும். சக்கையைத் துப்பும். புங்கமரத்தின் கீழே காலையில் பார்த்தால் தெரியும். இப்போது வருவதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் அத்தனை வெள்ளம் போனதே, அது வடிந்த பிறகு கரை வண்டலில் சொரசொர இலையோடு கன்றுகள் நிறைய வந்தன. வெயில் ஏறியதும் பாதி போய்விட்டது, மீதியை ஆடு தின்றது. எனக்கு அப்போது இது இன்னதென்று தெரிந்திருந்தால் இரண்டு கன்றுக்காவது முள் கட்டியிருப்பேன்.

நாகநதி (செவ்வாய், காலை 8.00)

மணல்மேடு, பிஞ்சு கொட்டுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் குளவி நுழையாத காய் அப்படித்தான் கொட்டும். ஓடைக்கரையை மேலும் கீழும் ஒரு மைல் நடந்து பாருங்கள். எங்காவது இன்னொன்று நிற்கும். பேயத்தி ஏறக்குறைய வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு மரத்தில் காய் வைத்திருக்கும். குளவிக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆயுள் என்பதால் எப்போதும் எங்காவது ஒரு மரம் அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். நடுவில் நாலைந்து மரம் போய்விட்டால் அந்தத் தொடர் அறுந்துவிடும். கன்று கிடைத்தால் நான்கைந்தாக நடுங்கள். ஒன்றே ஒன்றை நட்டால் பயனில்லை.

கழனிக்கட்டு (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 9.15)

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடவு வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு நானும் அக்கா மகனும் லென்ஸ் எடுத்துக்கொண்டு தெற்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பதினோராம் நாள் ஒரு காயில் ஊசி குத்தியது போல ஒரு துளை. அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துளையின் விளிம்பில் நின்று இறக்கையைக் கால்களால் நீவி நீவிவிட்டுப் பறந்தன. அவன் நாற்பத்தி மூன்று வரை எண்ணினான், அதற்குமேல் முடியவில்லை. துளை வாயிலேயே எறும்புகள் காத்திருந்து சிலவற்றைப் பிடித்தன. இன்னும் பச்சையாக இருந்த வேறு காய்களின் மேல் நீண்ட வால் கொண்ட பூச்சிகள் உட்கார்ந்து, வாலைத் தோலுக்குள் செலுத்திக்கொண்டிருந்தன. அவையும் இதே குளவிதானா ஐயா?

நைனா முதல் நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் டீ டம்ளரோடு வந்து, லென்ஸை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "அது மேலே மாவு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே, அதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மோட்டார் கொட்டாய் இப்போது கிணற்றுக்குக் கிழக்கே, களம் இருந்த இடத்தில் எழும்புகிறது. பைப் இருபதடி கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

வடக்கு மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற புங்கமரத்தின் கீழே, மணல்மேடு சொன்னது போலவே, சக்கை கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் ஆறு கன்றுகள். முள் கட்டிவிட்டோம். இரண்டை மணல்மேடு எடுத்துக்கொள்ளலாம், மழைக்கு முன் வந்தால் வேரோடு தோண்டித் தருகிறேன். எது ஆண், எது பெண் என்று இப்போதே பார்த்து எடுத்துக் கொடுக்க வழி இருக்கிறதா?

நாகநதி (ஞாயிறு, காலை 10.30)

வால் நீண்டவை வேறு குளவிகள். உள்ளே நுழையாமல் வெளியிலிருந்தே தோலைத் துளைத்து முட்டை வைப்பவை. மகரந்த வேலை எதுவும் செய்வதில்லை, ஆனால் அவையும் அந்த மரத்தை நம்பித்தான் இருக்கின்றன. எறும்புகள் அவற்றையும் பிடிக்கும், கவனித்துப் பாருங்கள்.

கன்றைப் பார்த்து ஆண், பெண் சொல்ல வழியில்லை. இலை, தண்டு, பால் எல்லாம் ஒன்றே. காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மணல்மேட்டுக்கு இரண்டு போதாது, மூன்றாகக் கொடுங்கள்.

மணல்மேடு (ஞாயிறு, காலை 10.45)

அடுத்த ஞாயிறு வருகிறேன் தம்பி. கடப்பாரையும் ஈரச் சாக்கும் நானே கொண்டுவருகிறேன்.